எதிர்வீட்டுக்குச் சொன்ன கெடு

புனேயில் எங்கள் பழைய வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, காய்கறி வாங்கப் போனால் ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவாள். அதனால் ஊரின் இன்னொரு பக்கம் கராடியில் லிஃப்ட் உள்ள வீடு ஒன்று தோதாக வந்ததும் பழையதை விற்பதற்கு முன்பே முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பி வராது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பாங்க் கடன் கிடைத்துவிடும், பழைய வீட்டை நிதானமாக விற்கலாம் என்பது என் கணக்கு.

நான் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு, ரஞ்சன்காவ் பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போய் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் சொந்தத் தொழிலுக்கு வந்திருந்தேன். சம்பளத்தில் இருந்த நாளில் கடன் வேண்டுமா என்று தினமும் போன் செய்த அதே பாங்கில் இப்போது என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார்கள்.

"சாலரி ஸ்லிப்?"

"சொந்தத் தொழில்."

அந்தப் பெண் அதிகாரி என் வருமான வரிக் காகிதங்களைப் புரட்டினாள். நடுவில் ஒரு வருடம் தொழில் படுத்திருந்தது. அதில் விரலை வைத்தாள். "பழைய வீட்டை வித்துட்டு வாங்க சார், அப்புறம் பாக்கலாம்" என்றாள் இந்தியில்.

அவசரமாக வீட்டை விற்பனைக்குப் போட்டோம். வந்தவர்கள் படியேறி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டில் பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். கெடு விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் விலையை அடித்துப் பேசுவார்கள். எதிர்வீட்டு அண்ணாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். எங்கள் சாவி அவர் வீட்டில், அவர் சாவி எங்கள் வீட்டில். ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டில் காபி குடிக்கும்போது மனசு தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என்னைக்குத் தம்பி கெடு?" என்று கேட்டார். சொன்னேன்.

"கவலைப்படாதீங்க. நாங்கெல்லாம் இருக்கறமில்ல."

சில நாளில் ஒரு தரகர் வந்தார். அவர் சொன்ன விலை ஊர் நிலவரத்துக்கு வெகு கீழே. முடியாது என்றேன். "சோச் லோ சாப், யோசிச்சுப் பாருங்க. இந்த மாசக் கடைசிக்கு மேல உங்களுக்கு டைம் இல்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மனைவி சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தாள். ஆனாலும் வேறு ஆள் வரவில்லை. கெடு நெருங்க நெருங்க நானே அந்தத் தரகருக்குப் போன் செய்தேன். வாங்குபவர் பெங்களூரில் இருக்கிறார், பதிவுக்கு நேராக வந்துவிடுவார் என்றார். பெயர் எனக்குத் தெரியாத பெயர்.

பதிவு அலுவலகத்துக்கு, வீட்டை வாங்குபவராக ஓர் இளைஞன் வந்தான். கூடவே அண்ணாவின் மகள். அவள் கல்யாணம் கோயம்புத்தூரில் நடந்தது. தொழில் நெருக்கடியில் நாங்கள் போகவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்ததும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் சலவைச் சட்டையில் அண்ணா வந்தார்.

"வெளியாளுக்குப் போறதுக்கு நம்மாளுக கையிலயே இருக்கட்டும்னுதான் தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க."

எழுந்து போயிருக்கலாம். போனால் கராடி முன்பணம் போய்விடும். மனைவி என் பக்கம் திரும்பாமல், "கையெழுத்தப் போடுங்க" என்றாள். போட்டேன். பெருவிரலையும் அழுத்தினேன். வெளியே அண்ணா எல்லோருக்கும் டீ சொன்னார். நான் குடிக்கவில்லை. மனைவி குடித்தாள்.

விலையில் விழுந்த துண்டுக்கு அவள் நகை போனது. புது வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, அவள் முழங்காலும் பரவாயில்லை. பழைய இடத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த நடையைக் கதவு போட்டு அடைத்து ஒன்றாக்கிவிட்டார்கள் என்று கேள்வி.

அண்ணா பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்கிறார். நான் எடுப்பதில்லை. அவள் எடுத்து அரைமணி நேரம் பேசுகிறாள். கராடியில் எங்கள் மாடியில் எல்லோரும் வேலைக்குப் போகிற பிள்ளைகள். பகலில் அவளோடு தமிழ் பேச ஆளில்லை. "அந்த மனுஷன்கிட்ட என்ன பேச்சு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற யார் இருக்கா, சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சொல்ல ஆள் இல்லை.