ராகேல் முழங்காலிடாத ஞாயிறு

எழுபதுகளின் நடுப்பகுதி. பதுளையில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ‘ஐக்கியம்’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். வசனங்கள் தெரியும், அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. எங்கள் போதகர் மாதம் ஒருமுறை மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சபைக்குப் போவார். “வாரும், பார்த்துவிட்டுப் பேசும்” என்றார். கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணி பஸ். பசறை வழியாக ஏறக்குறைய இருபத்தைந்து மைல். பசறை தாண்டியதும் பாதை மோசம். முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கடைசி இரண்டு மைல் தேயிலைக்குள் நடை. தூறல் வேறு.

தகரக் கூரை போட்ட சிறிய கோயில் நிரம்பியிருந்தது. அன்று சாமுவேல், ராகேல் குடும்பத்துக்குப் பிரியாவிடை. வெள்ளிக்கிழமை அவர்கள் இந்தியாவுக்குப் புறப்படுகிறார்கள். போகிறவர்களை வாழ்த்தி அனுப்பும் ஆராதனை, நல்ல உதாரணம் கிடைத்தது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து வேளை வந்தது. பிறரோடு மனஸ்தாபம் இல்லாதவர்கள் வரலாம் என்று போதகர் அழைத்தார். முதலில் எழுந்து போய் முழங்காலிட்டவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் யோசேப்பு கங்காணி. ராகேல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

“அவரு அங்க இருந்தா நா வரமாட்டேங்க, ஐயா.”

“இது கர்த்தருடைய பந்தி அம்மா. என்னுடையதில்லை” என்றார் போதகர்.

“எங்க வீட்டுக்காரரு பேர வெட்டுனது யாருன்னு கர்த்தருக்கும் தெரியுங்க.”

பக்கத்திலிருந்தவர் என் காதில் விவரம் சொன்னார். சாமுவேல் விறகுக்காகத் தோட்டத்து மரம் ஒன்றை வெட்டியிருக்கிறார். கங்காணி தோட்டத்துத் துரையிடம் சொல்ல, வேலையாள் பட்டியலில் அவர் பேர் வெட்டப்பட்டு வேலை போய்விட்டது. இந்தியாவுக்குப் போக மனு எழுதிக் கொடுத்ததே அதற்குப் பிறகுதானாம்.

“பேர் வெட்டுனது தொரை” என்றார் கங்காணி, திரும்பாமலே.

“சொன்னது நீங்கதானே?”

கங்காணி எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகும் ராகேல் வரவில்லை. சாமுவேல் குனிந்த தலை நிமிரவில்லை. பாதிப்பேர் பந்திக்குப் போனார்கள், பாதிப்பேர் இருந்துவிட்டார்கள். நான் போனேன். போயிருக்கலாமா, கூடாதா, இன்றுவரை தெரியவில்லை.

ஆராதனைக்குப் பிறகு எல்லாருக்கும் சோறும் பருப்பும் கிழங்குக் கறியும். கங்காணி வெளியே மழையில் நனைந்தபடி நின்றிருந்தார். ராகேல் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தார். அவர் நின்றபடியே சாப்பிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “மன்னிச்சிட்டீங்களா?” என்று ராகேலிடம் கேட்டேன்.

“இல்லைங்க. நம்ம கோயில்ல ஒருத்தரு பசியோட நிக்கலாமா?”

வெள்ளிக்கிழமை பதுளை ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். சபையே வந்திருந்தது, ஒரே அழுகை. சாமுவேலின் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவர் யோசேப்பு கங்காணி. ஏற்றிவிட்டு ஜன்னலருகே நின்றார். கோச்சி ஊதிக்கொண்டு நகர்ந்தபோது, “ராகேலு, மன்னிச்சிரும்மா” என்று கத்தினார்.

ராகேல் காதில் கையை வைத்து, “என்னங்க?” என்றார். அதற்குள் வளைவு வந்துவிட்டது.

வாலிபர் கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். “கடைசியில அவங்களுக்குக் கேட்டிச்சா?” என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்கள் குடையும் கம்பளிச் சட்டையும் எடுத்துப் போங்கள். அட்டை கடிக்கும், உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போனால், திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். நான் பார்த்தது எதுவானாலும், அது அதற்குப் பிறகுதான் நடந்தது. அதற்கு ஐக்கியம் என்று பெயர் வைக்கலாமா என்பதை என்னைவிடத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.