கள்ளச்சாவியைக் கவ்விய பூட்டு

அன்று மலைக்கோட்டைக்கு ஏறியது நாங்கள் மூன்றே பேர்: அம்மா, பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா, நான். கைக்குழந்தையான தங்கச்சியை அடிவாரத்தில் பக்கத்து வீட்டு ராவியத் அக்காவிடம் விட்டிருந்தோம். இன்று டிக்கெட் எடுத்துப் பேரனோடு வெடிமருந்து அறைக்குள் நுழைந்ததும் அதே வவ்வால் நாற்றம். என் கண் வாசல் பூட்டைத்தான் தேடியது.

அப்போது டிக்கெட் கிடையாது. பாறையின் வெக்கை உள்ளங்காலில் ஏற, தோல் பதனிடும் ஷாப்பு வாடை காற்றில் வர, வவ்வால்கள் கீச்சிட்டுக் கிளம்பும் நேரத்தில், நாங்கள் இந்த அறைக்குள் இருப்பது தெரியாமல் காவல்காரர் கம்பிக்கதவைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

"நம்மூருப் பூட்டு நமக்குத் தொறக்காதா மதினி?" சித்தப்பா சிரித்துக்கொண்டே கம்பி வழியாகக் கைவிட்டு, தன் கொத்துச்சாவியில் ஒன்றைத் திணித்துத் திருகினார். 'டக்'கென்றது. சாவி திரும்பவுமில்லை, வெளியே வரவுமில்லை. கள்ளச்சாவி போட்டால் கவ்விக்கொள்ளும் பூட்டு அது. இனி சரியான சாவியும் நுழையாது.

அம்மாவுக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. தங்கச்சி வேறு யாரிடமும் குடிக்காது. பசியில் செத்துப்போகுமோ என்று நான் போட்ட கூப்பாட்டில் காவல்காரர் ஓடிவந்தார்.

"எவன்டா இந்த வேலை பாத்தது? ரம்பம் கொண்டாந்து அறுக்கணும், செத்த நேரம் ஆகும்."

"ரம்பம் கெடக்கட்டும்ண்ணே. மொதல்ல எம்புள்ளயக் கொண்டாரச் சொல்லுங்க."

மூச்சிரைக்க ஏறிவந்த ராவியத் அக்கா, வீறிட்ட பிள்ளையைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார். அம்மா இந்தப் பக்கம் நெஞ்சைக் கம்பியில் அழுத்திக்கொண்டு நின்றாள். ஆண்கள் இருவரும் திரும்பிக்கொண்டார்கள். அழுகை நின்று, குழந்தை மடக்மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.