நான் பேசாமல் இருந்தபோது

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, எட்டாம் வகுப்பில் இலைத்துளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் குரல் நின்றுபோனது. தொண்டை கம்மவில்லை, இருமலும் இல்லை. வாய் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

பிள்ளைகளுக்கு அது தெரியாது. வகுப்பில் சத்தம் அதிகமானால் நான் திட்டுவதில்லை. பேச்சை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான். அதனால் அன்றும் நான் கோபித்துக்கொண்டதாகவே நினைத்துவிட்டார்கள். வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "நான் இல்ல மிஸ், இவன்தான் மிஸ் பேசிகினே இருந்தான்" என்றான். காட்டிக்கொடுக்கப்பட்டவனும் எழுந்து, "சாரி மிஸ்" என்றான். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அதையும் ஏதோ புதுவிதமான தண்டனை என்று எடுத்துக்கொண்டு இருவரும் நின்றே இருந்தார்கள்.

எங்கள் பள்ளி கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மறுபக்கம் கடல் காற்று. ஜன்னலை மூடினால் பிள்ளைகளுக்கு வேர்க்கும், திறந்தால் என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. கத்திக் கத்தித்தான் இத்தனை வருடம் அறிவியல் நடத்தியிருக்கிறேன். மாலையில் தொண்டை எரிந்தால் மிளகுப்பால், காலையில் மறுபடி பள்ளி.

செங்கல்பட்டில் தொண்டை மருத்துவர் குழாய் வைத்துப் பார்த்து, திரையில் எனக்கே காட்டினார். இரண்டு வெள்ளைக் குரல் நாண்கள், ஒன்றின் மேல் அரிசி அளவுக்கு ஒரு வீக்கம். நான் சொல்வதற்கு முன்பே, "டீச்சரா?" என்று கேட்டார். சிறிய அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். பரிசோதனைக்கு அனுப்பியதில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. அது வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத இப்போது தெம்பில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "இனிமேதான் கஷ்டம். நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதவிட மோசம். புண்ணு ஆறுறதுக்குள்ள பேசிட்டீங்கன்னா, பாடம் நடத்தற குரல் திரும்பாது. அப்புறம் என்கிட்ட வந்தாலும் என்னால தர முடியாது."

என் கணவர் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். ஒப்பந்த வேலை. எப்போது வேண்டுமானாலும் போகலாம். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். குரல் இல்லாத ஆசிரியையை எந்தத் தனியார் பள்ளி வைத்துக்கொள்ளும்? திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்த பேருந்தில் வழி முழுவதும் எனக்கு அந்த ஒரு கேள்விதான்.

முதல் நாள் வீட்டில் சிரிப்பாகத்தான் இருந்தது. தினக்காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். "கல்யாணமாகி இத்தன வருசத்துல இப்படி ஒரு நிம்மதி கெடச்சதே இல்ல" என்றார் கணவர். மூன்றாம் நாள் அவரும் பேசுவதை நிறுத்திவிட்டார். பதில் வராத வீட்டில் ஒரு ஆள் எத்தனை நேரம்தான் தனியாகப் பேசுவார்?

மகள் சாயங்காலம் அழைப்பாள். அவள் பேசுவாள், நான் நகத்தால் போனைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. அவள் சாப்பிட்டாளா, தலைவலி போனதா, அறையில் இருக்கும் பெண்ணோடு சண்டை தீர்ந்ததா என்று என்னால் கேட்க முடியாது. அவளாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவள் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று போனை வைத்த பிறகு யோசித்துக்கொண்டே இருப்பேன்.

வீட்டில் ஒரு நாய் இருந்தது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது சாலையோரத்திலிருந்து தூக்கி வந்த செம்பட்டை நிற நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது செருப்பு, கால்மிதி, என் விடைத்தாள் கட்டு எதையும் விட்டுவைக்கமாட்டான். அடிக்க மனம் வரவில்லை. வகுப்பில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பேன். உடனே மாடிப்படிக்கு அடியில் போய், தாடையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வான். "சரி, வா" என்று நான் சொல்லும்வரை அங்கிருந்து வரமாட்டான். கணவர் கூப்பிட்டாலும் வரமாட்டான், மகள் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று என் மேல் ஏறிக் குதித்தான். நான் எதுவும் சொல்லாமல் தலையைத் தடவினேன். நின்று என் முகத்தைப் பார்த்தான். இன்னொரு முறை குதித்தான். பிறகு மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான்.

அடுத்த சில நாட்களில் தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. பிறகு முழுவதும் மிஞ்சியது. கருவாட்டுத் துண்டு போட்டாலும் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டு இதை மகளிடம் சொன்னபோது அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அய்யோ நைனா, அம்மா பேசலல்ல, அதான். தனக்கு பனிஷ்மென்ட்டுன்னு நெனச்சிகினு கீறான். பாவம், இன்னா தப்பு பண்ணோம்னு யோசிச்சிகினு இருப்பான்."

கணவருக்கு உடனே புரிந்தது. எனக்கும் புரிந்தது. இத்தனை பொருத்தமான காரணம் வேறு எதுவும் இருக்க முடியாது. நான் போனை ஒருமுறை தட்டினேன்.

அதன் பிறகு அவனைச் சமாதானப்படுத்துவதே வீட்டு வேலையாகிவிட்டது. கணவர் படிக்கு அடியில் குனிந்து, "டேய், அம்மா சரி வான்னு சொல்லிட்டாங்கடா. வாயால சொல்ல முடியல. எழுதிக் குடுத்துகிறாங்க, படிச்சிப் பாரு" என்று காலண்டர் தாளை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். வாலை லேசாக ஆட்டினான். மகள் தன் போனில் இருந்த பழைய வீடியோ ஒன்றை அனுப்பினாள். அதில் என் குரல், நல்ல கனமான குரல், "சரி, வாடா" என்று அவனைக் கூப்பிடுகிறது. அதைப் போட்டுக் காட்டினோம். காதை நிமிர்த்தினான். போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தலையைக் கீழே வைத்துக்கொண்டான்.

"பாத்தியா, அவன ஏமாத்த முடியாது" என்றார் கணவர்.

அந்த வீடியோவை நான் மட்டும் இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். அப்படிப் பேசிக்கொண்டிருந்தேனா என்று இருந்தது.

காலாண்டுத் தேர்வு தொடங்கியதும் பள்ளிக்குப் போனேன். தேர்வு அறையில் மேற்பார்வைக்குப் பேச்சு தேவையில்லை என்று தலைமை ஆசிரியை வரச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் நான் இல்லாமலேயே பள்ளி நன்றாக நடக்கிறது என்று யாருக்கும் தோன்றிவிடக்கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது. ஓய்வறையில் நாயின் கதையை எழுதிக் காட்டினேன். கணக்கு ஆசிரியை சத்தமாகப் படித்துக் காட்டினார். எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள்.

"டீச்சர், உங்க வூட்டு நாய்க்கு இருக்கிற மானம் ஒம்போதாங்கிளாசுல ஒருத்தனுக்கும் இல்ல. நானும் ரெண்டு நாள் பேசாம இருந்து பாத்தேன். நிம்மதின்னு தூங்கிட்டானுங்க" என்றார் அவர்.

சத்தமில்லாமல் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என் குரலுக்காக ஒரு உயிர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. அந்த வாரம் என் குரலைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். மறுநாள் வேறொருவர் கேட்டபோது இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதினேன்.

சனிக்கிழமை கணவருக்கு வேலை இருந்தது. கம்பெனி பேருந்து மாலை ஏழு மணிக்கு மேல்தான் வரும். நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாடிப்படிப் பக்கம் பார்த்தபோது அவன் மூக்கருகே தரையில் ஒரு சிறிய இரத்தக் கறை தெரிந்தது. படியில் இடித்துக்கொண்டிருப்பான் என்று துடைத்தேன். துடைத்த இடத்தில் இன்னொரு சொட்டு விழுந்தது.

இனிமேலும் இவனைப் பட்டினி போடக்கூடாது என்று நினைத்தேன். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், எழுந்து வந்துவிடுவான், சாப்பிடுவான். மருத்துவரின் முகம் ஞாபகம் வந்தது. மகளின் கல்லூரி ஞாபகம் வந்தது. வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு படிக்கு அடியில் குனிந்து, "சரி, வா" என்றேன்.

அது என் குரல் இல்லை. தகரத்தைச் சிமென்ட் தரையில் இழுத்தது போல இருந்தது. அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை பெயரைச் சொல்லிக் கத்தியே விட்டேன். தொண்டைக்குள் ஏதோ சுருக்கென்று பிடித்தது.

அவன் காதுகள் எழுந்தன. வால் தரையில் அடித்தது, ஒருமுறை, இன்னொருமுறை. முன்னங்கால்களை ஊன்றி எழுந்தான். பின்பக்கம் எழவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றான். பிறகு அப்படியே சரிந்து, படுத்தபடி என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

வர வேண்டும் என்றுதான் அவன் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வர முடியவில்லை.

கால்நடை மருத்துவருக்கு நானே போன் செய்தேன். என் தொண்டையிலிருந்து வந்ததை அவரால் பிரித்தறிய முடியவில்லை. "ஹலோ, யாருங்க? சிக்னல் இல்லீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். செய்தி அனுப்பினேன். கணவர் வந்த பிறகு அவரிடம் பேசினார். உள்கிராமங்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கிறது, மறுநாள் முகாம் முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். அதுவரை பஞ்சை நனைத்து அவன் நாக்கில் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தோம்.

என் குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை செங்கல்பட்டுக்குப் போனபோது தொண்டை மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, "பேசினீங்களா?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இப்போது இடுப்பில் சிறிய ஒலிபெருக்கியும் காதோரம் மைக்கும் மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறேன். மதிய உணவுக்குப் பிறகு அதற்கும் குரல் போதுவதில்லை. அடுத்த வருடம் என்ன செய்வது என்று தலைமை ஆசிரியை இன்னும் கேட்கவில்லை. கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கால்நடை மருத்துவர் வந்தார். சட்டையெல்லாம் சாணமும் வேர்வையுமாக, முகாமிலிருந்து நேராக வந்திருந்தார். நான் கொடுத்த மோரைக் கீழே வைத்துவிட்டு நாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். காகிதம் போல வெளுத்திருந்தது. காதுக்குள்ளும் கால் விரல்களுக்கு நடுவிலும் பார்த்தார். எங்கள் கண்ணில் படாத உண்ணிகள் அங்கே கடுகு கடுகாக ஒட்டியிருந்தன.

"உண்ணிக் காய்ச்சல். இரத்தம் பாதி போயிடுச்சு. எப்பலருந்து சாப்புடல?"

கணவர் சொன்னார்.

"அவ்ளோ நாளா? இன்னாங்க, வீட்ல படிச்சவங்க இருக்கீங்க, ஏன் உட்டீங்க?"

"இவங்க தொண்டை ஆபரேசன் பண்ணிகினு பேசாம இருந்தாங்க சார். இவங்க பேசலன்னு கோச்சிகினு படுத்திருக்குதுன்னு நெனச்சோம்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார். ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். அதன் பிறகு நாய் புதன்கிழமை வரை இருந்தது. காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும் மகளிடம் சொன்னோம். நான் பேசாததுதான் காரணம் என்று முதலில் சொன்னவள் அவள். அதனால் அன்று மருத்துவர் கை கழுவும்போது சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. துண்டை நீட்டிக்கொண்டு நின்ற என்னிடம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்:

"நாய்க்கு அவ்ளோ நாள் கோவம் நிக்காதும்மா. அதுக்கு ஒடம்பு முடியல."