நான் மூடிய பனங்காடை டிக்கெட்

1. முதல் நாள்: பேர் வந்தால் பாஸ்

நியூ ஜெர்சியில் இருபத்து நான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். வங்கி, மருந்து, இன்ஷூரன்ஸ் என்று எதையெதையோ டெஸ்ட் பண்ணியிருக்கிறேன். பறவையை டெஸ்ட் பண்ண வேண்டியிருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஆப்பிரிக்காவுக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் ஒரு நிறுவனம் அப்போது எங்கள் கிளையன்ட். அவர்களுக்காக ஒரு ஆப். பறவையைப் பார்த்ததும் போன் கேமராவை நீட்டினால் அதன் பெயர் வர வேண்டும். எங்கள் மேனேஜர் சிவா முதல் மீட்டிங்கிலேயே தைரியம் சொன்னார்.

"ஈஸி ப்ராஜெக்ட் பாஸ். பேர் வந்தா பாஸ், வரலேன்னா ஃபெயில். இதுல என்ன இருக்கு?"

"வர்ற பேர் தப்பா இருந்தா?"

"அதுக்குத்தானே நீங்க லீடு!"

கிளையன்ட் அனுப்பிய டாக்குமென்டின் முதல் பக்கத்திலேயே அந்தப் பறவை. லைலாக் பிரெஸ்டட் ரோலர். நம் ஊர்ப் பனங்காடைக்குப் பங்காளி முறை. ஊதா நெஞ்சு, நீல வயிறு, பச்சை கலந்த தலை, பழுப்பு முதுகு, வாலின் இரு ஓரத்திலும் நீளமாக ஒவ்வோர் இறகு. வறண்ட புல்வெளியில் மொட்டை மரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும். கீழே வெட்டுக்கிளி அசைந்தால் பாயும். சுற்றுலா வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தானாம்.

எங்கள் டீமில் ஏழு பேர். தேங்க்ஸ்கிவிங் வான்கோழியைத் தவிர வேறு பறவையை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. நான் சைவம், எனக்கு அதுவும் இல்லை.

ஒருவர் மட்டும் விதிவிலக்கு. சுகந்தி, கோபிச்செட்டிபாளையத்துக்காரர். காண்ட்ராக்டில் இருந்தார். பிளெய்ன்ஸ்பரோவில் வீடு, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். அவருடைய விசா இந்த வேலையைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் அறுபது நாளில் இன்னொன்று தேட வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். என்னிடம் கிரீன் கார்டு இருந்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. பதினான்கு படங்கள்

ரிலீசுக்கு இரண்டு நாள் முன்பு சுகந்தி ஒரு டிக்கெட் போட்டார், அதாவது பிழை இருக்கிறது என்ற புகார். பதினான்கு படங்களில் இருந்த ரோலரை ஆப், பனங்காடை என்று சொல்லியிருந்தது.

"அண்ணா, இதுகளுக்கு நீள வால் இல்லீங்க. ஆனா நெஞ்சைப் பாருங்க, ஊதா. பனங்காடைக்கு நெஞ்சு பழுப்புங்க, எங்கூர்ல கரண்டுக் கம்பி மேல தினமும் பாக்கறதுதான். குஞ்சுக்கு நீள வால் வந்திருக்காது, பெரிய பறவைக்கும் இறகு உதிர்ந்து முளைக்குமில்லீங்க? ஆப்பு வாலை மட்டும் பாத்து முடிவு பண்ணுதுங்க."

"டாக்குமென்ட்ல நீள வால்னு போட்டிருக்கே. வால் இல்லேன்னா இன்வேலிட் டேட்டா."

"டாக்குமென்டை அந்தப் பறவை படிச்சிருக்காதுங்களே அண்ணா."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே டிக்கெட்டில் 'நாட் எ பக்', இது பிழையே இல்லை, என்று எழுதி என் பெயரில் மூடினேன். பதினான்கு படங்களையும் டெஸ்டிலிருந்து தூக்கினேன். எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை. வெள்ளிக்கிழமை டேஷ்போர்டு பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பாக, அதாவது ஃபெயிலாக, இருக்கும் எதையும் வியாழக்கிழமையே இல்லாமல் பண்ணிவிடுவோம். நூற்றுக்கு நூறு பாஸ். 'சூப்பர் டீம்' என்று சிவா எல்லோருக்கும் மெயில் போட்டார். ஃபெயிலான பறவைகளை நீக்கிவிட்டு, பாஸான பறவைகளுக்காகக் கேக் வெட்டினோம்.

3. டெமோ

கிளையன்ட் நிறுவனத்தின் முதலாளி மார்கரெட்டுக்கு எழுபது வயதிருக்கும். ஸ்லைடு, கிராஃப் எல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவா, சுகந்தி, நான் மூவரையும் ஒரு பறவைப் பூங்காவுக்கு வரச் சொன்னார். அங்கே நிஜ ரோலர் ஒன்று, பத்தடி தூரத்தில், காய்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. இறகு உதிரும் காலம் போல. நீள வால் இல்லை.

சிவா போனை நீட்டினார். "பனங்காடை. இந்தியா" என்றது ஆப்.

"லைட்டிங் இஷ்யூ" என்று இடம் மாறினார். பனங்காடை. "நெட்வொர்க் இஷ்யூ." பனங்காடை. "பறவை சரியா நிக்க மாட்டேங்குது" என்று ஆங்கிலத்தில் விளக்கினார்.

"பறவை சரியாகத்தான் நிற்கிறது, சிவா" என்று சொல்லிவிட்டு மார்கரெட் காரை நோக்கி நடந்தார்.

பார்க்கிங் லாட்டில் சிவா சுகந்தியைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க டெஸ்டிங் பண்றீங்க? இவ்ளோ பெரிய பக் கண்ணுல படலையா? திங்கட்கிழமை ரீப்ளேஸ்மென்ட் வர்றாங்கன்னு கிளையன்ட்கிட்ட சொல்லிடறேன், விடுங்க."

சுகந்தி என்னைப் பார்த்தார். நான் பாக்கெட்டில் கார் சாவியைத் தேடினேன். சாவி என் கையில்தான் இருந்தது.

சனிக்கிழமை முழுக்க எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. அசிங்கமாக இருந்தது. ஞாயிறு மத்தியானம் மார்கரெட்டுக்கும் சிவாவுக்கும் சேர்த்து மெயில் அனுப்பினேன். பதினான்கு படங்கள், சுகந்தி போட்ட டிக்கெட், கீழே ஒரே வரி: இதை மூடியது நான்.

ஐந்து நிமிடத்தில் சிவாவின் போன். "உங்களுக்கு என்ன பாஸ் பைத்தியமா? கிளையன்ட்டுக்கு உண்மையைச் சொல்றதுக்குன்னு ஒரு ப்ராசஸ் இருக்கில்ல?"

மார்கரெட் இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தார். இனி டெஸ்டிங்கை சுகந்தி நடத்தட்டும். நான் வர வேண்டாம். இரண்டுமே நியாயம்தான்.

திங்கட்கிழமை என் மேசையைக் காலி பண்ணும்போது சுகந்தி வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், அதற்கு என்ன அடக்கமாகப் பதில் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"மெயில் பாத்தனுங்க அண்ணா. அன்னிக்கு அவரு என்னைப் பேசறப்போ ரெண்டடி தள்ளித்தான நின்னீங்க? ரெண்டு நாளா என்ற புள்ளைய ஊர்ல எந்த ஸ்கூல்ல சேக்கறதுன்னு விசாரிச்சுட்டு இருந்தனுங்க. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருக்கணும்மா."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தப்புப் பண்ணுவீர்கள், எல்லோரும் பண்ணுகிறோம். அதை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு நாளும் வேறு ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.