கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கடற்கரைப் பயணம்

போன சனிக்கிழமை எங்கள் கல்லூரி மாணவிகள் பதினைந்து பேரோடு ஒரு வேனில் கடற்கரையோரமாகச் சுற்றப் போனேன். மணப்பாட்டில் ஆரம்பித்து திருச்செந்தூர், ஆறுமுகநேரி, தூத்துக்குடி வழியாகத் தருவைகுளம் வரை. துணைக்கு ஒரு மிஸ் போக வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டதால் எனக்கும் ஒரு சீட் கிடைத்தது.

பதினான்கு பேர் கடலைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் — அதுவும் ஜன்னலோர சீட்டில்.

அவள் பெயர் கோகிலா. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் கல்லூரி இருக்கும் நாசரேத்துக்குப் படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கடலைப் பார்த்ததே இல்லை. அவளுடைய அப்பாவும் பார்த்ததில்லை. அவருக்கு போர்வெல் லாரியில் வேலை. லாரி போவதெல்லாம் தண்ணீர் இல்லாத ஊருக்குத்தானே... கடலோரத்தில் அவருக்கு என்ன வேலை?

"மொதல் தடவ பாக்கறப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாக்கறதுன்னு பேசி வெச்சிருக்கறமுங்க மிஸ். வீடியோ கால்ல."

சரி, கூப்பிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அப்பா தெலங்கானாவில் யாருடைய தோட்டத்திலோ துளை போட்டுக்கொண்டிருந்தார். மெஷின் ஓடும்போது போனைத் தொட மாட்டார். நிறுத்தினால் அவரே கூப்பிடுவார். எப்போது நிறுத்துவார்? தண்ணீர் வந்தால் நிறுத்துவார். காலையிலிருந்து புழுதிதான் வந்துகொண்டிருந்ததாம்.

மணப்பாட்டில் மற்றவர்கள் அலையில் விழுந்து புரண்டார்கள். கோகிலா கண்ணை அவிழ்க்கவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். "அப்பா மெஷினாட்டமே சத்தம் போடுதுங்க மிஸ்" என்றாள்.

அவளுடைய ரூம்மேட் ஜெபா உள்ளூர்ப் பெண். அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, ஒத்தக் கண்ண மட்டும் தொறந்து பாத்துட்டு மூடிக்கயேன். ஒங்கப்பாட்ட நாங்க யாரும் சொல்ல மாட்டோம்."

"எனக்குத் தெரியுமல்ல?" என்றாள் கோகிலா.

ஆறுமுகநேரியில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. உப்பளத்தைப் பார்க்கலாமா, கூடாதா? பாத்தியில் நிற்பதும் கடல் தண்ணீர்தானே? பத்து நிமிடம் வாதாடி, கூடாது என்று தீர்ப்பானது. தூத்துக்குடியில் துறைமுகத்துக் கப்பல்களை ஜெபா கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். போன் மட்டும் அடிக்கவில்லை.

தருவைகுளம் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் இருட்டிவிடும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்ன பிடிவாதம் இது? அவிழ்த்துப் பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே?

அப்போதுதான் போன் அடித்தது.

துப்பட்டாவை அவிழ்த்தாள். ஜெபா தலையில் கை வைத்துக்கொண்டாள். தருவைகுளத்தில் அலை கிடையாது. அன்றைக்கு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. "போச்சு" என்று என் காதில் முணுமுணுத்தாள் ஜெபா. "போயும் போயும் கொளம் மாதிரி கெடக்க எடத்துலயா காட்டணும்?"

கோகிலா போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். திரையில் முகமெல்லாம் வெள்ளைப் புழுதி அப்பிய ஒரு மனிதர். கண் மட்டும்தான் தெரிந்தது. அவர் கேட்டார்.

"எத்தன அடி கண்ணு?"

வாழ்நாளெல்லாம் அதைத்தானே அளந்துகொண்டிருக்கிறார்? கோகிலா செருப்பைக் கழற்றிவிட்டு போனோடு தண்ணீரில் இறங்கினாள். கணுக்கால். முழங்கால். அதற்கு மேல் ஏறவில்லை. தயங்கி நின்றவளிடம், படகைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மீனவர், "நடம்மா, பயப்படாத. ரொம்ப தூரத்துக்கு முட்டளவுதான்" என்றார்.

நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். யாரும் சொல்லாமலே நாங்களும் பின்னால் போனோம். வானமும் தண்ணீரும் ஒரே நிறத்தில் இருந்தன. எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இந்தக் கடலுக்கு அரை மணி நேர தூரத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். எத்தனையோ முறை இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"முட்டியளவுதானுங்கப்பா. ஆனா முடியவே மாட்டேங்குதுங்க."

"வாயில வெச்சுப் பாரு."

துளையில் தண்ணீர் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அதுதானாம். கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். கோகிலாவும் ஏந்திப் பார்த்தாள்.

"உப்புங்கப்பா."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

அவர் திரும்பி யாரையோ கூப்பிட்டார். திரையில் இன்னும் நான்கு புழுதி முகங்கள் வந்து சேர்ந்தன. ஐந்து பேரும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க தண்ணி வந்துச்சுங்களாப்பா?"

"இன்னும் இல்ல கண்ணு. எழுநூறு அடி தாண்டியாச்சு. டீசல் ஊத்தத்தான் நிறுத்தியிருக்குது" என்றார். "நாங்க இத்தன அடி எறங்கித் தேடறோம்... இது சும்மா மேலயே கெடக்குது பாரு."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. போன் கட்டாகிவிட்டது.

திரும்பி வரும்போது வேனில் ஒரே பாட்டு. ஆறுமுகநேரி தாண்டியதும் கோகிலா எழுந்து நின்று, பாட்டை நிறுத்தச் சொன்னாள். வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் அவர் குரல்.

"கண்ணு, தண்ணி வந்திருச்சு. வாயில வெச்சுப் பாத்தேன். நல்ல தண்ணி."

வேன் முழுக்கக் கைதட்டல். எந்த ஊரோ, யார் தோட்டமோ... டிரைவர் அண்ணாச்சிகூட ஒரு ஹாரன் அடித்தார்.

என் நாக்கில் அப்போதும் உப்புக் கரித்தது — ஆமாம், நானும் வாயில் வைத்துப் பார்த்திருந்தேன்.