மூன்றாம் நாள் குளியல்

துவான் லிஷியன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையில் ஆய்வு நிலைய வாசலில் அரிசி நூடுல்ஸ் வாங்கினால் நின்றபடியே உறிஞ்சுவாள். அப்போதும் ஒரு கால் கூண்டறைப் பக்கம் திரும்பியிருக்கும்.

"உக்காந்து தின்னா தொண்டைல இறங்காதா?" என்று கேட்டால், "உக்காந்து உக்காந்துதான் ஷென் அண்ணே, உன் வயிறு இப்படி ஆயிருக்கு" என்பாள்.

நான் அங்கே தீவனம் கலக்குகிறவன். அவளோடு வாயடித்தே குன்மிங் நகரில் என் பாதி உத்தியோகம் கழிந்தது.

அவள் பார்த்துக்கொண்டது மர மூஞ்சூறுகளை. வால் அணிலுடையது, மூக்கு வேறு யாருடையதோ. எதற்கெடுத்தாலும் மிரண்டு வால்மயிர் சிலிர்த்து நிற்கும். எலியைவிட மனிதனுக்கு நெருங்கிய சொந்தம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சொந்தத்தால் அவற்றுக்கு என்ன லாபமோ தெரியாது. மேல் கூடத்தில் கண்ணுக்குக் குட்டிக் கண்ணாடி மாட்டி, கிட்டப்பார்வை எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். கீழ்க் கூடத்தில் மஞ்சள்காமாலைக் கிருமியை ஏற்றுவார்கள். கீழே போனது திரும்பி வராது.

லிஷியன் எர்ஹாய் ஏரிக்கரைக்காரி. நடை பழகாத மகள் ருய்ஃபாங்கை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தாள். புத்தாண்டுக்குப் போவாள், நிலா விழாவுக்குப் போவாள். பை நிறையத் தின்பண்டத்தோடு போய், வெறும் பையோடு வந்துவிடுவாள். அந்த மகள் இப்போது தூரத்து ஷென்சன் நகரில் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, அவள் அம்மாதான் அரிசி மதுவில் முட்டை காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். லிஷியன் பையைக் கட்டித் தயாராக வைத்துவிட்டாள். மகளோ போனில் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"நீ வர வேணாம்மா. இங்க அதுக்குன்னே நர்சுங்க இருக்காங்க."

அந்த வாரம்தான் ஒன்பதாம் கூண்டுக்காரி இரண்டு குட்டி போட்டாள். லிஷியன் அதுவரை வளர்ந்த ஆண்களோடு மல்லுக்கட்டியவள், ஈற்றறைக்குப் புதிது. தாய் குட்டிகளைத் தனிப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு பெட்டியில் போய்ப் படுத்துக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்த நாளில் செய்வதையே செய்தாள். மாசிபத்திரி இலையைக் காய்ச்சி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, இரண்டு குட்டிகளையும் துடைத்து, நல்ல வாக்கு சொல்லிப் படுக்க வைத்தாள். தாய் வந்தது. முகர்ந்தது. இரண்டையும் தின்றுவிட்டது.

கண் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் லுவோவுக்கு அறைக்குள் நுழைந்ததுமே மூலிகை வாசம் தெரிந்துவிட்டது.

"குட்டியத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா அக்கா? தாய் தன்னோட வாசனைய அதுங்க மேல தேய்ச்சு வச்சிட்டுப் போகுது. அதைப் போய்க் கழுவிட்டீங்க. இது தன் பிள்ளைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

லிஷியன் அந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"இன்னொரு ஈத்து இப்படிப் போச்சுன்னா, இது பிள்ளை வளர்க்க லாயக்கில்லைன்னு கீழ்க் கூடத்துக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் நான் தடுக்க முடியாது."

அதன் பிறகு பல நாள் அவள் என்னோடு சண்டைக்கே வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, நிஜமாகத்தான்.

மழைக்காலம் வந்தது. ருய்ஃபாங்குக்கு ஆண் குழந்தை பிறந்தது, படம் மட்டும் வந்தது. அடுத்த சில நாளில் ஒன்பதாம் கூண்டுக்காரியும் மறுபடி இரண்டு குட்டி ஈன்றாள். இம்முறை டாக்டர் அறையைச் சாத்திவிட்டு, உள்ளே கேமரா வைத்து, நடப்பதைத் தாழ்வாரத்துத் திரையில் மட்டும் பார்க்கச் சொன்னார். தாய் முதல் நாள் பால் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தது. லிஷியன் தாழ்வாரத்தைக் கழுவினாள். காய்வதற்குள் மறுபடி கழுவினாள். துடைத்த குழாயையே துடைத்தாள்.

"திரும்பிக்கூடப் பாக்கலையே டாக்டரம்மா!"

"பாக்காது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும்."

"அதுவரைக்கும் அதுங்க பசியில அழாதா?"

"அழாது. சத்தம் காட்டாமப் படுத்துக்கும்."

மறுநாள் மத்தியானம் டாக்டர் மேல் கூடத்துக்குப் போயிருந்த நேரம். லிஷியனின் கை கதவுப் பிடியில் இருந்தது. நான் தீவன வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"தள்ளு அண்ணே. தொட மாட்டேன். திரைல அசைவே தெரியல, உயிரோட இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"போன தடவையும் உன் பாசம்தான் அதுங்களக் கொன்னுச்சு. மக மேல இருக்கற தவிப்ப இங்க கொண்டுவந்து கொட்டாத!"

சொன்ன பிறகுதான் சுட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு, ஈரத் தரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்க ஆரம்பித்தாள். வேலை முடிகிறவரை நடந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் காலை மூவரும் திரைமுன் நின்றோம். தாய் எழுந்தது. குட்டிப் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தது. லிஷியன் என் சட்டைக் கையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தாய் உள்ளே ஏறிக் குட்டிகள் மேல் கவிந்து நின்றது. ஒரு தேநீர் ஆறுகிற நேரம்தான். பிறகு இறங்கித் தன் பெட்டிக்கே போய்விட்டது. குட்டிகளின் மயிர் முளைக்காத தோல் வழியாக வயிற்றுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு வயிறும் மொச்சைக்கொட்டை மாதிரி உருண்டிருந்தன.

"பொழைச்சிடுச்சுங்க!" என்று நான் கத்தினேன். டாக்டர் சிரித்தார்.

"பாத்தீங்களாக்கா? தாய் கீழ்க் கூடத்துக்குப் போக வேண்டாம். இவ்வளவு நேரம் வந்துட்டுப் போனாலே போதும்."

"போதும்னு யாரு சொன்னா? குட்டி சொல்லுச்சா?"

லிஷியன் போனை எடுத்தாள். கையெல்லாம் ஈரம். அதனால் ஒலிபெருக்கியில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மகள் எடுத்ததும் இவள், நான் வரட்டுமா என்று வழக்கமான பல்லவியைப் பாடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ருய்ஃபாங், உன்ன ஏரிக்கரைல விட்டுட்டு நான் புத்தாண்டுக்கும் நிலா விழாவுக்கும் வந்து வந்து போனேனே. அது உனக்குப் போதுமா இருந்துச்சா?"

அந்தப் பக்கம் குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

"இல்லம்மா."

லிஷியன் கழுவின வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சொல்லு," என்றாள். "நான் எங்கயும் போகல. கேட்டுக்கிட்டிருக்கேன்."