நான்காவது காகிதம்

என் பீரோவில் ஆதார் அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவில் மூன்று வருடமாக ஒரு டிஷ்யூ காகிதத் துண்டு இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற துண்டு, கசக்கிப் பிரித்ததால் முழுக்கச் சுருக்கம். ஒரு மூலையில் நீலப் பேனாவில் 4 என்று எழுதியிருக்கும். நடுவில் மங்கலான மஞ்சள் வட்டம், டீ சிந்திக் காய்ந்த கறை மாதிரி. அது பெட்ரோல். எண்ணை எழுதியவர் என் அண்ணி. அந்தத் துண்டு மட்டும் அண்ணனுடைய வக்கீல் கையில் கிடைத்திருந்தால் கோர்ட்டில் ஓர் ஆட்டம் ஆடித் தீர்த்திருப்பார். கிடைக்கவில்லை, நான் கொடுக்கவில்லை.

ஜோகுபாளையத்தில் அண்ணனுக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. வீட்டில் அவனை 'அவரு' என்றுதான் சொல்ல வேண்டும், அப்பா போன பிறகு அம்மா போட்ட சட்டம். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். மரியாதையை நான் எடுக்கவில்லை, அவனே செலவழித்து முடித்துவிட்டான். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் அவனுக்குப் பிடிக்காத வேலை. டர்போ வைத்த பெட்ரோல் கார்களின் வேகத்தைக் கூட்டித் தருவதுதான் அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே எங்கேயாவது நேர்கோட்டில் பந்தயம் விடுகிற பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வண்டியை முறுக்கும்போது வெடிச் சத்தம் கேட்டால் அவன் முகத்தில் வருகிற சந்தோஷம் பெற்ற பிள்ளையைப் பார்த்தாலும் வந்திருக்காது. நல்லவேளை, பிள்ளை பிறக்கவில்லை.

இந்த வேலை என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சமாச்சாரம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அதைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் கம்பெனியில் போட்டு வந்த அளவுக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் காற்றைத் திணித்தால் பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறி பிஸ்டனில் ஓட்டை விழும். அதனால் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், புது பெட்ரோல் குழாய் எல்லாம் மாற்றி, எந்த வேகத்தில் எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்ற கணக்கைக் கம்ப்யூட்டரில் திருத்த வேண்டும். அந்தக் கணக்கு என்னுடையது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு கம்பெனியில் என்ஜினுக்கு சாஃப்ட்வேர் எழுதுவேன், சனிக்கிழமை அண்ணனுக்கு எழுதுவேன். ஓடுகிற காரில் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவன் மிதிக்க மிதிக்க எண்களைத் திருத்திக்கொண்டே போவேன். அதில் எனக்கு அசாத்தியத் திமிரும் இருந்தது.

அண்ணி ஓசூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு தொழிற்சாலையில், தலையில் தொப்பி மாட்டி, நூறு பெண்களோடு நின்று இன்ஜெக்டர் கோத்தவர். 'பொண்ணு வேலைக்குப் போனவ, சமைக்க வராது' என்றுதான் அம்மா ஆரம்பித்தாள். ஷெட்டில் அண்ணியின் கையை மிஞ்ச ஆள் கிடையாது என்பது ஆறே மாதத்தில் அந்த ஏரியாவுக்கே தெரிந்துவிட்டது. அண்ணனும் அதை ஒத்துக்கொண்டான், ஊர் முன்னால் இல்லை, சாமானை அவர் பக்கம் தள்ளிவிடுவதில். ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்திலும் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஒரு சொட்டு ஆயில் தடவி, நேராக அழுத்தி உட்கார வைக்க வேண்டும். காய்ந்த வளையத்தை முரட்டுத்தனமாகத் திணித்தால் ஓரம் பிய்ந்து போகும். பார்த்தால் தெரியாது. கார் டயரில் இருக்கிற காற்றைவிட இரண்டு மடங்கு அழுத்தத்தில் பெட்ரோல் அங்கே வந்து முட்டும்போதுதான் தெரியும். அதனால் அண்ணி ஒரு பழக்கம் வைத்திருந்தார். மாட்டி முடித்ததும் வண்டியைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பம்பை ஓடவிடுவார். பிறகு நாலு டிஷ்யூ துண்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்தையும் சுற்றி ஒற்றி எடுப்பார். நாலும் காய்ந்திருந்தால் சுவரில் இருக்கிற கிளிப்பில் மாட்டுவார். கிளிப்பில் நாலு காகிதம் இருந்தால்தான் வண்டி ஷட்டரைத் தாண்டலாம். இது ஓசூர்ப் பழக்கம். அண்ணன் கேலி செய்வான், ஆனால் மீறியதில்லை.

அவன் அடிப்பான். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. கையில் ஸ்பேனர் இருந்தால் ஸ்பேனரால், இல்லாவிட்டால் கையால். ஒருமுறை அண்ணியின் இடது கையில் இரண்டு விரல் கட்டுப்போட்டிருந்தது, வலது கையாலேயே வேலையை முடித்தார். ஒருமுறை காதுக்குப் பின்னால் முடியே இல்லை. 'கோவக்காரன், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டான்' என்பாள் அம்மா. மனசில் ஏன் வைக்க வேண்டும், எல்லாவற்றையும்தான் அண்ணியின் உடம்பில் வைத்துவிட்டானே. இதையெல்லாம் இப்போது வாய் கிழியப் பேசுகிறேன். அப்போது, பதினொரு வருடம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை போவேன், லேப்டாப்பைத் திறப்பேன், அண்ணி போட்டுத் தருகிற காபியைக் குடிப்பேன். மல்லேஸ்வரத்தில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பி வந்து தூங்குவேன், நன்றாகவே தூங்குவேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மறுநாள் பந்தயத்துக்குப் போக வேண்டிய வண்டி. அண்ணி மூன்று இன்ஜெக்டரை உட்கார வைத்துவிட்டார், நாலாவதின் வளையம் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, வேறு வளையம் எடுக்கிறேன் என்றார். அண்ணன் ஏற்கெனவே யாருடனோ போனில் கத்திவிட்டு வந்திருந்தான். 'எனக்கே சொல்லித் தரியா' என்று கேட்டுக்கொண்டே புறங்கையால் அண்ணியின் வாயில் அறைந்தான். அவன் கையில், இன்ஜெக்டர்களுக்கு மேலே வருகிற பெட்ரோல் குழாயை இறுக்குகிற போல்ட் இருந்தது. உதடு பிளந்து பல் தெரிந்தது, ரத்தம் தாடையில் இறங்கி என்ஜின் மேல் சொட்டியது. அண்ணியைத் தோளால் தள்ளிவிட்டு, ஆயிலும் தடவாமல், நாலாவது இன்ஜெக்டரை அவனே ஓங்கிக் குத்தி இறக்கினான். மேலே குழாயை வைத்து இறுக்கிவிட்டு, சாவியைத் திருப்பிப் பார் என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனான். நான் ஷெட்டின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அறை விழுந்த சத்தத்தில் தலையைத் தூக்கினேன், அண்ணியின் வாயைப் பார்த்தேன், மறுபடியும் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கங்களில் இதற்குத்தான் முதலிடம்.

பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணி ஒற்றி எடுப்பதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. கிளிப்பில் காகிதம் மாட்டினார். மூன்று காகிதம். இது பிறகு யோசித்து எடுத்த கணக்கு. அப்போது நான் எண்ணவில்லை. பெட்ரோல் வாசனை அந்த ஷெட்டின் வழக்கமான வாசனை, அதுவும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் வந்து, அன்றைக்குக் கிளிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான். புதிதாக வேலை செய்த வண்டியில் முதல் சுற்று அவன் மட்டும்தான் போவான், ஓல்ட் மெட்ராஸ் ரோடு வரை போய்த் திரும்பி வந்த பிறகு, இரண்டாவது சுற்றுக்குத்தான் நான் ஏறுவேன். அன்றைக்கு முதல் சுற்றுக்கே கதவைத் திறந்து ஏறிவிட்டேன். காரணம் வேறொன்றும் இல்லை. அவன் போய்விட்டால் அந்த உதட்டோடு நானும் அண்ணியும் ஷெட்டில் தனியாக இருக்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

வண்டி ஷட்டருக்கு வெளியே மூக்கை நீட்டியது. பின்னாலிருந்து அண்ணி ஓடிவந்து முன்னால் நின்றார். நான் காருக்குள் இருந்ததை அப்போதுதான் பார்த்திருக்கிறார். கண்ணாடி வழியாக என்னையே பார்த்து, "பாப்பா, நீ எறங்கு" என்றார். வந்த நாள் முதல் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். புருஷனிடம் சண்டை போட வந்திருக்கிறார், அதில் என்னையும் இழுக்கிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன். அண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்தான், பிறகு வண்டியை ஒரு முட்டு முன்னால் விட்டான். பம்பர் அண்ணியின் முழங்காலில் இடித்தது. அவர் விழவில்லை. சுவரோரம் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து என் முகத்துக்கு நேரே முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தார். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவதில் கண்ணாடி வெள்ளையாக நொறுங்கி உள்ளே தொங்கியது. என் மடி, லேப்டாப், தலைமுடி எங்கும் கண்ணாடித் தூள். எனக்கு அண்ணியின் மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதா உங்களுக்கு என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

அதற்குள் அண்ணன் இறங்கி அவர் பின்னலைக் கையில் சுற்றியிருந்தான். ஷட்டரின் இரும்புச் சட்டத்தில் அண்ணியின் தலையை மோதினான். தகரம் முழுவதும் அதிர்ந்தது. மறுபடியும் மோதினான். டீக்கடைக்காரர் 'பேடா அண்ணா, பேடா' என்று வேண்டாம் வேண்டாமென்று கன்னடத்தில் கெஞ்சினாரே தவிர, பாய்லரை விட்டு நகரவில்லை. நகராதவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நெற்றியில் வழிந்த ரத்தத்துக்கு நடுவே அண்ணி கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "எறங்கிட்டியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அப்போது காரில் ஒரு சத்தம், ஈரத் துணியை ஓங்கி உதறுகிற மாதிரி. அந்த வண்டியில் இன்ஜெக்டர் முன்பக்கம், கொதிக்கிற டர்போ பின்பக்கம். நாலாவது கழுத்தில் கசிந்த பெட்ரோலை ரேடியேட்டர் விசிறி பின்னால் அள்ளி விசிறிக்கொண்டே இருந்திருக்கிறது. பானெட் இடுக்கில் நாலா பக்கமும் நெருப்பு நாக்கை நீட்டியது. நான் உட்கார்ந்திருந்த சீட்டின் பக்கம், உடைந்த கண்ணாடி வழியாகவே, உள்ளே புகுந்தது. அண்ணன் பின்னலை விட்டுவிட்டு ஓடினான். இத்தனை வருட மெக்கானிக், எரிகிற வண்டியின் பானெட்டைத் திறக்கக் கூடாது என்பதுகூடத் தோன்றவில்லை. திறந்தான். நெருப்பு எழும்பி அவன் புருவத்தையும் வலது கையையும் பிடித்தது. அவன் அலறினான். அண்ணி தடுமாறி உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்தார். அதன் ஊசியை இழுத்துவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மூச்சு இருக்கும், நான் எண்ணினேன், அன்றைக்கு நான் எண்ணிய ஒரே கணக்கு அது. பிறகு அவன் மேலும் வண்டி மேலும் வெள்ளைத் தூளை அடித்து அணைத்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். தோல் உரிந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளைத் தூளோடு எழுந்த அண்ணன், இடது கையால் அந்த வீல் ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு அண்ணியை நோக்கி வந்தான். 'கொல்லப் பாத்தியாடி' என்றான். என் கையில் லேப்டாப் இருந்தது. மூடி, இரண்டு கையாலும் பிடித்து, அதன் விளிம்பை அவன் மூக்கில் இறக்கினேன். எலும்பு நொறுங்கியது என் மணிக்கட்டில் தெரிந்தது. விழுந்தவனை இன்னொரு முறையும் அடித்தேன். அது அவசியமில்லை, தெரியும். ஆசையாக இருந்தது, அடித்தேன். பதினொரு வருடப் பெட்ரோல் கணக்கு எல்லாம் அந்த லேப்டாப்போடு போயிற்று.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அண்ணி இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்து உள்ளங்கையை விரித்தார். அத்தனை அடியிலும் அது அங்கேயே இருந்திருக்கிறது. கசங்கிய நாலாவது காகிதம்.

"அவரு டீக்கடைல இருந்தப்பவே பாத்துட்டேன்" என்றார். கிழிந்த உதட்டில் வார்த்தை குழறியது. "போவட்டும்னுதான் விட்டேன். நீ எப்பவும் ரெண்டாவது ரவுண்டுக்குத்தானே ஏறுவ. இன்னிக்கு ஏன் மொதல்லயே ஏறுன, பாப்பா?"

அண்ணி காகிதத்தை என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். போலீசிடம் கொடுப்பதா, கிழித்துப் போடுவதா என்பது என் இஷ்டம் என்று சொன்ன மாதிரி இருந்தது. தையல் போட்டு முடித்ததும், அன்றே அவரை ஓசூருக்கு அனுப்பினேன்.

அண்ணி போட்ட விவாகரத்து வழக்கில் அண்ணன் வைத்த ஒரே வாதம், மனைவி தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்பது. அம்மா என்னிடம் அழுதாள், கூடப் பிறந்தவனுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. கோர்ட்டில் அவன் வக்கீல் கேட்டார், பெட்ரோல் கசிவது உங்கள் அண்ணிக்கு முன்பே தெரியுமா, நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று. ஜட்ஜைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னேன்: நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேடம். என் அண்ணன் அவர் வாயைக் கிழித்தபோதும் நான் லேப்டாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அண்ணி அந்தப் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், உதட்டில் தையல் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

போன வாரம் தீர்ப்பு வந்து எல்லாம் முடிந்தது. அண்ணி ஓசூரில் மறுபடியும் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார். இதைப் படித்தால் அண்ணன் குதிப்பான். குதிக்கட்டும். சாவு எவ்வளவு பக்கத்தில் நின்றது, எதனால் அவனை விட்டுவிட்டுப் போனது என்று தெரிந்துகொண்டாவது இருக்கட்டும். என்னைப் பார்த்த மாத்திரத்தில் அண்ணி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். நான் அவருக்காக நிற்கப் பதினொரு வருடம் எடுத்தேன், அதுவும் கண்ணாடியை உடைத்து என்னை வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

இன்று காலை காபி போட்ட பிறகு அடுப்பை அணைக்காமல், பீரோவிலிருந்து காகிதத்தை எடுத்து வந்தேன். மூக்கருகில் வைத்துப் பார்த்தேன், பெட்ரோல் வாசனை இல்லை. விரலால் ஒற்றிப் பார்த்தேன், அண்ணி பார்ப்பது போல. பிறகு ஜ்வாலையில் காட்டினேன். நாலு என்ற எண் முதலில் போயிற்று, வட்டம் பிறகு போயிற்று. கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து முடிந்துவிட்டது. நன்றாகக் காய்ந்திருந்தது.